ரெசின் இறுகவில்லையா? தவறு கலக்கும்போதே நடந்துவிட்டது!

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோலசிலாங்கூர் வட்டாரத்தில் ஒரு செம்பனைத் தோட்டத்திற்குப் போயிருந்தோம். போனது கோயில் திருப்பணி விஷயமாக. பேசி முடித்து வண்டி ஏறப் போகும் நேரத்தில், லயத்துக் கடைசி வீட்டிலிருந்து ஒரு சகோதரி கையில் ஒரு தட்டோடு வேகமாக வந்தார்.

"ஐயா, நீங்கதானே பேப்பர்ல கைத்தொழில் பத்தியெல்லாம் எழுதுறவங்க? ஒரு நிமிஷம் இதப் பாத்துட்டுப் போங்கய்யா."

தட்டில் 48 சாவிக்கொத்துகள். கண்ணாடி போன்ற ரெசினுக்குள் காய்ந்த ரோஜா இதழ், பக்கத்தில் தங்கத்தாள் துணுக்கு. பார்வைக்கு அழகோ அழகு! ஒன்றைக் கையில் எடுத்தோம். விரல் ஒட்டிக்கொண்டது. அழுத்திப் பார்த்தால் மெத்தென்று உள்ளே போனது. நகம் பதிந்த தடம் அப்படியே நின்றது.

காலையில் உதிரிப் பழம் பொறுக்கும் வேலை. மாலையில் இந்தக் கைவேலை. கைப்பேசியில் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டாராம். பக்கத்துத் தோட்டத்துக் கல்யாண வீட்டார், விருந்தினருக்குக் கொடுக்கும் தாம்பூலப் பையில் போட 48 சாவிக்கொத்து கேட்டு முன்பணமும் கொடுத்திருக்கிறார்கள். அந்த முன்பணம் ரெசின் வாங்கியே தீர்ந்துவிட்டது. கல்யாணத்துக்கு இன்னும் 9 நாள்தான்.

"மூணு நாளா வெயில்ல வச்சேன், ஃபேன் போட்டு வச்சேன். இறுகவே மாட்டேங்குதுய்யா. சாமான் மட்டமா?"

சாமான் மட்டமில்லை. எப்படி அளந்தீர்கள் என்று கேட்டோம்.

"பாட்டில்ல எடை மூணுக்கு ஒண்ணுன்னு போட்டிருந்துச்சு. மருந்து குடிக்கிற கப்புல அளந்தேன். சீக்கிரம் இறுகட்டுமேன்னு ஹார்டனர் மட்டும் ஒரு மூடி கூடுதலா ஊத்துனேன்."

அங்கேதான் வினை!

இதில் அந்தச் சகோதரியைக் குறை சொல்வதற்கில்லை. பால் மரம் சீவிய குடும்பத்தில் பிறந்தவர் யாராயிருந்தாலும் அப்படித்தான் நினைப்பார். பால் கொட்டகையில் ஆசிட் கொஞ்சம் கூடிப்போனால் பால் சீக்கிரம் உறையும். ஷீட்டு முரடாகும், கிராணி ஏசுவார்; ஆனாலும் உறையாமல் போகாது. கார் பட்டறையில் பைபர் கிளாஸ் ஒட்டிய தம்பிமாரைக் கேட்டாலும், "ரெண்டு சொட்டு கூட விட்டா சீக்கிரம் பிடிச்சுக்கும்" என்றுதான் சொல்வார்கள். பால் ஆசிட்டும் பட்டறைச் சொட்டு மருந்தும் தூண்டிவிடுகிற சாமான்கள். எபாக்சியின் ஹார்டனர் அந்த ஜாதியே அல்ல. அது சரிபாதிப் பங்காளி.

இப்படி நினைத்துப் பாருங்கள். ரெசின் என்பது வளையம். ஹார்டனர் என்பது கொக்கி. வளையத்தில் கொக்கி மாட்டி மாட்டித்தான் அந்தத் தண்ணீர் போன்ற திரவம் கல்லாகிறது. கொக்கி அதிகமாகிவிட்டால் மாட்டுவதற்கு வளையம் இல்லாமல் சும்மா தொங்கும். அந்தத் தொங்கல்தான் நம் விரலில் ஒட்டும் பிசுபிசுப்பு. கொக்கி குறைந்தாலும் இதே கதைதான். 90 கிராம் ரெசினுக்கு 30 கிராம் ஹார்டனர் போட வேண்டிய இடத்தில், அந்த ஒரு மூடியால் கிட்டத்தட்ட 40 ஆகிவிட்டது. மூன்று நாள் என்ன, மூன்று மாதம் வெயிலில் வைத்தாலும் அது இறுகாது.

இது நமக்குப் புதிய பொருளும் அல்ல. உடைந்த பீங்கானை ஒட்ட, இரண்டு டியூப்பைப் பிதுக்கிச் சம அளவில் குழைப்போமே, அந்த அரால்டைட்டும் எபாக்சிதான். சுவிட்சர்லாந்தில் பியர் காஸ்டான் என்பவர் 1930-களில் பல் வைத்தியத்துக்காக ஆராய்ந்து கண்ட வழி இது. 1946-ல் அரால்டைட் என்ற பெயரில் வெளியுலகுக்கு வந்தது. ஒட்டும் பசையாக இருந்தவரை யாருக்கும் தொல்லையில்லை. அலங்காரப் பொருளாக மாறிய பிறகுதான் கொஞ்சம் பிசகினாலும் கண்ணில் படுகிறது.

தராசு இல்லாமல் தொடாதீர்கள்

இந்தச் சகோதரி செய்த தவறு ஒன்றல்ல, இரண்டு. பாட்டிலில் எழுதியிருந்தது எடைக் கணக்கு. அவர் அளந்ததோ கப்புக் கணக்கு. ரெசின் கனமானது, ஹார்டனர் அதைவிட லேசு. ஆகவே கப்பில் இரண்டுக்கு ஒன்று என்று அளக்கும் ஒரு கலவையைத் தராசில் வைத்தால், 100 கிராமுக்குச் சுமார் 43 கிராம் என்று வரும், 50 வராது. 'எடை' என்று எழுதியிருந்தால் எடை, 'கொள்ளளவு' என்று எழுதியிருந்தால் கப்பு. ஒரு கம்பெனி சாமானின் கணக்கை இன்னொரு கம்பெனி சாமானுக்குப் போடவும் கூடாது. ஒன்றுக்கு ஒன்று, இரண்டுக்கு ஒன்று, மூன்றுக்கு ஒன்று என்று ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதம்.

சமையலுக்கு மாவு நிறுக்கும் டிஜிட்டல் தராசு போதும். ஆனால் மொத்தக் கலவை 30 கிராமுக்குள் என்றால், ஒரு கிராம் பிசகினாலே வேலை கெட்டுவிடும். ஒன்று, புள்ளிக்குப் பின்னாலும் காட்டுகிற சின்னத் தராசு வாங்குங்கள். இல்லையென்றால் கலவையைக் கொஞ்சம் பெரிதாகப் போடுங்கள்.

அளந்தாயிற்று. அடுத்தது கலக்குவது. இங்கேதான் பாதிப் பேர் அவசரப்படுகிறார்கள். ஐஸ்கிரீம் குச்சியால் மெதுவாக, குறைந்தது 3 நிமிடம், பெரிய கலவையானால் 5 நிமிடம் கலக்க வேண்டும். முட்டை அடிப்பது மாதிரி அடித்தால் காற்று புகுந்து குமிழியாக நிற்கும். கப்பின் சுவரையும் அடி மூலையையும் வழித்து வழித்துக் கலக்க வேண்டும். பிறகு அதை வேறொரு சுத்தமான கப்பில் ஊற்றி, இன்னும் ஒரு நிமிடம் கலக்குங்கள். ஏனென்றால் முதல் கப்பின் சுவரில் ஒட்டியிருப்பது சரியாகக் கலக்காத சாமான். ஊற்றி முடித்ததும் 'காசு கொடுத்து வாங்கியதாயிற்றே' என்று கப்பைச் சுரண்டி அச்சில் விடும் பழக்கம் வேண்டவே வேண்டாம். அந்தச் சுரண்டல் விழுந்த இடம்தான் பிறகு பிசுபிசுப்பாக நிற்கும்.

கெட்டுப்போன பொருளைத் தொட்டுப் பார்த்தே காரணத்தைச் சொல்லிவிடலாம். பொருள் முழுக்க மெத்தென்று ஒட்டினால் அளவு தவறு. அங்கொன்றும் இங்கொன்றுமாக ஒட்டினால் கலக்கியது போதவில்லை. உள்ளே கெட்டியாக இருந்து மேலே மட்டும் மெழுகு பூசியது போல் வழவழப்பாக இருந்தால் ஈரக் காற்று.

அங்கங்கே ஒட்டுவதைக் காப்பாற்றலாம். ஈரமான இடத்தைச் சுரண்டி எடுத்து, ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்து, மற்ற இடத்தை உப்புத்தாளால் தேய்த்துவிட்டு, சரியாக அளந்த புதுக் கலவையை மேலே ஊற்றினால் போதும். மேலே மட்டும் வழவழப்பென்றால் வெந்நீரும் சவர்க்காரமும் போட்டுத் துடைத்தாலே போய்விடும். துடைக்காமல் உப்புத்தாள் போட்டால் அந்த மெழுகு இன்னும் உள்ளே அப்பிக்கொள்ளும்.

முழுக்க ஒட்டுவது?

"மேலே ஒரு கோட்டு நல்லா கலந்து ஊத்தினா மூடிக்காதாய்யா?" என்று கேட்டார் அந்தச் சகோதரி. சொல்ல நமக்கே வாய் வரவில்லை. மூடும், உள்ளே மெத்தென்றே கிடக்கும். கல்யாண வீட்டுக்காரன் காரில் வெயிலில் வைத்தால் வளைந்து போகும். "தூக்கிப் போட்டுடுங்க தங்கச்சி" என்றோம். முகம் சுண்டிப் போயிற்று. பிறகு தம்பி மனைவியிடம் கைமாற்றாக வாங்கி மறுபடி சாமான் வாங்குவதென்று முடிவாயிற்று.

நம் கப்பில் வந்த புகை

நாம் ஏதோ தவறே செய்யாதவர் போல் எழுதுகிறோம் என்று நினைக்க வேண்டாம். ஆரம்பத்தில் ஒருநாள், ஒரே தடவையில் வேலையை முடிக்கலாம் என்று அரைக் கிலோவுக்கு மேல் ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் கலந்து வைத்தோம். நடுப்பகல். தகரக் கூரைக்குக் கீழே. வாசலில் யாரோ கூப்பிட்டார்கள் என்று போய்விட்டு, கால் மணி நேரம் கழித்து வந்து பார்த்தால் டப்பா புகைகிறது! தொட்டால் சுடுகிறது. அடிப்பாகம் உருகிக் கோணலாகி, மேசையில் ஒட்டிக்கொண்டு விட்டது.

வளையமும் கொக்கியும் மாட்டும்போது சூடு வெளிவரும். மெல்லிய படலமாகப் பரவியிருந்தால் அந்தச் சூடு காற்றில் போய்விடும். டப்பாவில் குவிந்திருந்தால் போக வழியில்லை. சூடு ஏற ஏற வேகமும் ஏறும். பாட்டிலில் 'கலந்த பின் 40 நிமிடம்' என்று எழுதியிருப்பது சாதாரணமாக 25 டிகிரிக்குச் சொல்லும் கணக்கு. நம் ஊர் நடுப்பகல் 33 டிகிரி. சுமார் 10 டிகிரி கூடினால் நேரம் பாதியாகும் என்பது பொதுவான கணக்கு. ஆகவே 40 என்று போட்டிருந்தால் 20-தான் நம் கையில் என்று வைத்துக்கொள்ளுங்கள். வேலைக்கு வேண்டியதை மட்டும் கலந்து உடனே ஊற்றுங்கள். கப்பு சூடேறத் தொடங்கினால் கையில் வைத்துக்கொண்டு நிற்காமல், வெளியே சிமெண்டுத் தரையில் வைத்துவிட்டு ஒதுங்கி நில்லுங்கள். குப்பைக் கூடையில் எறிவது ஆபத்து.

இதே காரணத்தால்தான் மேசை, தட்டு ஆகியவற்றின் மேல் பூசும் ரெசினை ஒரு தடவைக்கு 3 முதல் 6 மில்லிமீட்டருக்கு மேல் ஊற்றக் கூடாது என்கிறார்கள். கனமாக ஊற்ற வேண்டுமானால் அதற்கென்று மெதுவாக இறுகும் ரகம் தனியாக இருக்கிறது.

மழை, மரம், தலையெண்ணெய்

தீபாவளிக்கு முன்புதான் இந்தச் சாமான்களுக்கு விற்பனை. நம் மேற்குக் கரைப் பக்கம் மழை கொட்டுவதும் அப்போதுதான்! மழை பெய்துகொண்டிருக்கும்போதும், பெய்து ஓய்ந்து சுவரெல்லாம் வியர்க்கும்போதும் ரெசின் ஊற்ற வேண்டாம். மேலே பால் போல் வெளுக்கும், வழவழப்பு ஏறும். காய்ந்த நாளில் மாலை 4, 5 மணிக்கு மேல் ஊற்றுவது நல்லது.

மாலை என்று சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. மரப்பலகை, ரப்பர் கொட்டை, கொட்டாங்கச்சி இவற்றுக்குள்ளெல்லாம் காற்று இருக்கிறது. காலையில் ஊற்றினால் வெயில் ஏற ஏற உள்ளே இருக்கும் காற்று விரிந்து, குமிழி குமிழியாக மேலே வந்துகொண்டே இருக்கும். மாலையில் சூடு இறங்கும்போது அந்தக் காற்று சுருங்கிக்கொள்கிறது. அதோடு, முதலில் தூரிகையால் மெல்லியதாக ஒரு கோட்டு அடித்து ஓட்டைகளை அடைத்துவிட்டு, அது இறுகிய பின் மேலே ஊற்றினால் குமிழித் தொல்லை பெரும்பாலும் தீர்ந்தது. கொட்டைகள் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

மற்றக் குமிழிகளுக்கு, மூடி இறுகிய ரெசின் பாட்டிலைக் கலக்குமுன் கொஞ்ச நேரம் வெதுவெதுப்பான தண்ணீரில் நிறுத்தினால் ரெசின் இளகிக் காற்றை விட்டுவிடும். பாட்டிலுக்குள் ஒரு சொட்டுத் தண்ணீர்கூடப் போகக் கூடாது. ஊற்றும்போது நூல் மாதிரி ஊற்றுங்கள். தட்டின் மேல் நிற்கும் குமிழியைச் சின்ன கேஸ் தீயால் ஒரே வீச்சில் தடவினால் உடையும். ஒரே இடத்தில் நிறுத்தினால் கருகும். சிலிக்கோன் அச்சின் மேல் தீ காட்டினால் அச்சே கெட்டுப்போகும். பக்கத்தில் ஆல்கஹால் பாட்டில் திறந்திருந்தால் தீ என்ற பேச்சே வேண்டாம்.

சில சமயம் ஊற்றிய ரெசின் நடுவில் விலகி, மீன் கண் போல் வட்டக் குழி விழும். எண்ணெய்தான் காரணம். நம் பெண்கள் தலைக்கு எண்ணெய் வைத்த கையோடு தட்டைத் துடைத்தால் வராமல் என்ன செய்யும்! ஆல்கஹாலால் துடைத்துவிட்டு ஊற்ற வேண்டும். விழுந்துவிட்டால், இறுகிய பின் உப்புத்தாள் போட்டு மறு கோட்டு.

அச்சுக்குக் காசில்லையே என்று கவலைப்பட வேண்டாம். ஐஸ்கிரீம் டப்பா, மாஜரின் டப்பா மாதிரியான மெழுகுத் தன்மையுள்ள பிளாஸ்டிக்கில் எபாக்சி ஒட்டாது. பலகையைச் சுற்றிப் பெட்டி ஒட்டும் பழுப்பு டேப்பை உள்பக்கம் ஒட்டிவிட்டால் அதுவே அச்சு.

பூ விஷயத்தில் ஒரு வார்த்தை. கல்யாண மாலையைப் பாதுகாத்துத் தரச்சொல்லிக் கேட்பவர்கள் இப்போது அதிகம். வாடாத பூவை அப்படியே போட்டால் உள்ளே ஈரம் நின்று பழுப்பேறி அழுகும். பழைய பேப்பருக்குள் வைத்து வாரக்கணக்கில் கனம் ஏற்றிக் காய வைக்க வேண்டும். ரோஜா நிறம் கொஞ்சம் அடரும். மல்லிகைதான் மோசம், காயும்போதே பழுப்பாகும், ரெசின் பட்டதும் இதழ் கண்ணாடி மாதிரி ஆகிவிடும். வாக்குக் கொடுக்குமுன் கல்யாண வீட்டாரிடம் இதைச் சொல்லிவிடுங்கள். நிறத்துக்கு மஞ்சள்தூள் போட்டுப் பார்த்தவர்களும் உண்டு, வெளிச்சத்தில் வெளுத்துவிடுகிறது. சமையல் கலர் தண்ணீர் கலந்தது, அதுவும் வேண்டாம். ரெசினுக்கென்று விற்கும் கலரானாலும் நூற்றுக்கு ஐந்தாறு பங்குக்கு மேல் போனால் இறுகுவதே சந்தேகம்.

சாதாரண ரெசின் 50, 60 டிகிரியிலேயே இளகத் தொடங்கிவிடும். சுடச்சுட டீக்கோப்பை வைத்தால் வட்டத் தடம் விழும். ஆரத்தித் தட்டு செய்து விற்கிறவர்களுக்கு முக்கியமாகச் சொல்கிறோம்: அதன் மேல் நேரடியாகக் கற்பூரம் ஏற்றக் கூடாது. நடுவில் பித்தளைக் கிண்ணம் வைத்தாலும் அது சூடேறும். பூத்தட்டு என்று சொல்லி விற்பதே நேர்மை.

கை போனால்?

சாமான் கெட்டால் காசோடு போகும். கை கெட்டால்? வேறொரு தோட்டத்தில், குலை வெட்டும் ஒரு தம்பியைச் சந்தித்தோம். ஆறு மாதம் வெறுங்கையால் ரெசின் வேலை செய்திருக்கிறார். "ஒண்ணுமே ஆகல, வாடைகூட இல்ல" என்றாராம். ஏழாம் மாதம் விரல் இடுக்கில் அரிப்பு, பிறகு கொப்புளம், பிறகு கண் இமை வீக்கம். இப்போது ரெசின் பாட்டில் திறந்திருக்கும் அறைக்குள் நுழைந்தாலே முகம் தடிக்கிறது. கத்தி பிடித்துக் குலை வெட்டவும் நாள் கணக்கில் முடியாமல் போயிற்று.

வாடை இல்லாததால் கெடுதல் இல்லை என்று எண்ணுவது பெரும் தவறு. இறுகாத ரெசினும் ஹார்டனரும் தோலில் படப் பட, உடம்பு ஒருநாள் அதை எதிரியாக எண்ணத் தொடங்கிவிடும். அப்புறம் துளி பட்டாலும் அரிப்புதான். அந்த ஒவ்வாமை சாதாரணமாக ஆயுசுக்கும் போவதில்லை. எப்போது வரும் என்று சொல்ல முடியாது என்பதுதான் இதில் கொடுமை.

நைட்ரைல் கையுறை போடுங்கள். நாம் சீவிய பாலில் செய்த ரப்பர் கையுறையை வேண்டாம் என்று சொல்ல மனம் வரவில்லைதான். ஆனால் இந்த வேலைக்கு அது அவ்வளவாகத் தாங்காது. கிழிந்தாலோ ரெசின் பட்டாலோ உடனே மாற்றுங்கள். மருந்து அடிக்கப் போட்ட தோட்டத்துக் கையுறையை வீட்டுக்குக் கொண்டுவந்து இதற்குப் போடுவதை ஒரு வீட்டில் பார்த்தோம். ஐயையோ, அது வேண்டாம்! தோலில் ரெசின் பட்டால் தின்னர், ஆல்கஹால் எதுவும் ஊற்றக் கூடாது. அது ரெசினை இளக்கித் தோலில் பரப்பும். பேப்பரால் துடைத்துவிட்டுச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். உப்புத்தாள் தேய்க்கும்போது மூக்குக்குத் தூசி முகமூடி; நன்றாக இறுகிய பிறகே தேய்க்க வேண்டும். சமையல்கட்டில் வேலை கூடாது. சன்னல் திறந்திருக்கட்டும், ஃபேன் காற்று மட்டும் பொருளின் மேல் நேராக அடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஊற்றியதும் மேலே ஒரு காகிதப் பெட்டியைக் கவிழ்த்துவிட்டால் கொசுவும் தூசியும் விழாது. மிச்சக் கலவையைக் கால்வாயில் ஊற்றாமல் கப்பிலேயே இறுகவிட்டுப் பிறகு குப்பையில் போடுங்கள்.

அன்று மாலையே அந்த வீட்டு ஐந்தடியில் உட்கார்ந்து, பாட்டிலில் மிச்சமிருந்த சாமானில் 40 கிராம் மட்டும் தராசில் வைத்துக் கலக்கிக் காட்டினோம். 30-க்கு 10. பக்கத்து வீட்டுப் பெண்கள் மூன்று பேர் சுற்றி நின்றார்கள். மறுநாள் காலை பெரட்டுக்குப் போகுமுன் பெட்டியைத் தூக்கிப் பார்த்துவிட்டு அந்தச் சகோதரி போன் செய்தார். "நகம் எறங்கலய்யா!"

புதுச் சாமான் வந்த பிறகு 5 மாலை வேலை செய்து, மாலைக்கு 12 வீதம் 60 ஊற்றினாராம். 51 தேறியது. மீதி ஒன்பதும் ஒரே இரவில் போனவை. பூனை ஏறிப் பெட்டியோடு அச்சைச் சாய்த்துவிட்டது. கல்யாண வீட்டுக்கு 48 கொடுத்தது போக மிச்சம் மூன்றில் ஒன்று, இப்போது அவர் வீட்டுச் சாவியிலேயே தொங்குகிறது.